கண் கிளினிக்குக்கு வெப்சைட் வேண்டுமா, கூகுள் மேப் போதுமா?

சின்ன ஊர்களில் கண் கிளினிக் வைத்திருக்கும் டாக்டர்கள் என்னிடம் முதலில் கேட்பது இதைத்தான்: "மேப்பில்தான் வந்துட்டோமே, வெப்சைட் வேற எதுக்கு?" வெப்சைட் செய்து பிழைக்கிறவன் நான். அதனால் என் பதிலைக் கொஞ்சம் தள்ளுபடி செய்தே கேளுங்கள். இரண்டுக்கும் வருகிற ஆட்கள் வேறு வேறு. அது தெரிந்தால் எதற்கு எவ்வளவு செலவழிக்கலாம் என்பதும் தெரிந்துவிடும்.

மேப்பில் தேடுகிறவருக்கு அவசரம். பட்டறையில் கண்ணில் இரும்புத்தூள் விழுந்திருக்கும், அல்லது பிள்ளைக்குக் கண் சிவந்து பீளை தள்ளிக்கொண்டிருக்கும். பக்கத்தில் யார் திறந்திருக்கிறார்கள் என்பது மட்டும் தெரிந்தால் போதும் அவருக்கு. தேடியதற்குப் பொருத்தமா, எவ்வளவு தூரம், எவ்வளவு பேருக்குத் தெரிந்த இடம் என்ற மூன்றையும் பார்த்தே உள்ளூர்த் தேடலை வரிசைப்படுத்துவதாகக் கூகுள் சொல்கிறது. இதில் தூரத்தை நாம் ஒன்றும் செய்ய முடியாது. நேரம், போன் எண், வாசலின் படம் இவற்றைச் சரியாக வைக்கலாம். தீபாவளி விடுமுறையைப் பதியாமல் விட்டு, பூட்டிய ஷட்டர் முன்னால் ஒருவரை நிற்கவைத்தால் ஒற்றை நட்சத்திரம் நிச்சயம். எல்லாமே இலவசம் என்பதால் முதல் வேலை இதுதான், சந்தேகமே இல்லை.

விமர்சனங்களில் மட்டும் கவனம் வேண்டும். "அஞ்சு ஸ்டார் போட்டால் கண்ணாடியில் தள்ளுபடி" என்று கவுன்ட்டரில் எழுதி ஒட்டுவது கூகுள் விதிக்கு விரோதம். அதைவிட மோசம், திட்டி எழுதியவருக்கு டாக்டரே கோபத்தில், "உங்களுக்குச் சர்க்கரை முந்நூறு இருந்ததே, சொன்னேனே" என்று எல்லோரும் பார்க்கப் பதில் போடுவது. நோயாளியின் ரகசியம் அங்கேயே போய்விட்டது.

இன்னொன்று, மேப் என்பது வாடகை வீடு. பிசினஸ் புரொஃபைலோடு, அதாவது மேப்பில் உங்கள் கிளினிக்குக்கு இருக்கும் பக்கத்தோடு, கூகுள் இலவசமாகக் கொடுத்துவந்த சின்ன வெப்சைட்டுகளை 2024 மார்ச்சில் மூடிவிட்டது. அதே ஆண்டு ஜூலையில் சாட் வசதியும் போனது. அதை மட்டுமே நம்பியிருந்தவர்கள் அப்புறம் வேறு இடம் தேடினார்கள்.

சரி, சொந்த வெப்சைட்டுக்கு யார் வருவார்கள்? கண்புரை ஆபரேஷன் மாதிரி, வாரக்கணக்கில் யோசித்து முடிவெடுக்கிற விஷயத்துக்கு வருவார்கள். புரை அம்மாவுக்கு, தேடுவது சென்னையிலோ துபாயிலோ இருக்கும் மகள், வேலையெல்லாம் முடிந்து ராத்திரி பத்து மணிக்கு. அவள் திறக்கும் பக்கத்தில் பெரும்பாலும் என்ன இருக்கிறது? நகரும் படங்கள், "உலகத்தரம் வாய்ந்த சிகிச்சை", மெஷின்களின் பெயர்கள், ஒரு பெரிய நீலக்கண். நம் ஊரில் யாருக்கு நீலக்கண்?

அவளுக்குத் தெரிய வேண்டியது வேறு. புரையை எடுத்துவிட்டுக் கண்ணுக்குள் வைப்பது எந்த லென்ஸ், என்ன விலை? மோனோஃபோகல் வைத்தால் தூரம் தெரியும், படிக்கக் கண்ணாடி வேண்டியிருக்கும். மல்டிஃபோகலில் அது குறையும், ஆனால் இரவில் விளக்கைச் சுற்றி வளையம் தெரியலாம். இதை யாராவது நேராகச் சொல்கிறார்களா? ஆபரேஷனுக்குப் பிறகு எப்போது தலைக்குக் குளிக்கலாம், அடுப்படியில் எப்போது நிற்கலாம், டிவி பார்க்கலாமா? ரிசப்ஷனில் இதே கேள்விகளுக்கு நாள் முழுக்கப் போனில் பதில் சொல்லிக்கொண்டிருப்பார்கள். அதை ஒரே தடவை தமிழில் எழுதிவைத்தால் வெப்சைட்டின் முக்கால்வாசி வேலை முடிந்தது.

விலை போடலாமா என்று தயங்குவார்கள். இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002-ஆம் ஆண்டு நடத்தை விதிகளின்படி டாக்டர் விளம்பரம் செய்து நோயாளியை வரவழைக்கக் கூடாது. ஆனால் கட்டணத்தை வெளிப்படையாக அறிவிப்பதற்கு அதே விதிகள் இடம் தருகின்றன. 2023 ஆகஸ்டில் வந்த புதிய விதிகள் அதே மாதம் நிறுத்திவைக்கப்பட்டு, பழையவையே திரும்ப வந்தன. ஆக, தற்புகழ்ச்சிக்குத்தான் தடை. தகவல் சொல்லத் தடையில்லை.

அப்புறம் எழுத்து. கண் மருத்துவமனையின் வெப்சைட்டுக்கு வருகிறவர்களில் கண் சரியாகத் தெரியாதவர்களும் உண்டு என்பதை அதை வடிவமைத்தவர்களே மறந்துவிடுகிறார்கள். வெள்ளையில் வெளிர்சாம்பல் எழுத்து அழகுதான்; புரை விழுந்த கண்ணுக்கு அது வெற்றுத்தாள். எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5:1 வெளிச்ச வேறுபாடு வேண்டும் என்று இணைய அணுகல் நெறிமுறையே சொல்கிறது. கண்மணியை விரிக்கச் சொட்டு மருந்து விட்டபிறகு நாலைந்து மணி நேரம் எனக்கே போனில் ஒன்றும் தெரியவில்லை. அடுத்த முறை வரவேண்டிய தேதியைத் திரையில் தேடி, கடைசியில் பக்கத்தில் இருந்தவரிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னேன்.

பிராக்டோ மாதிரி புக்கிங் தளங்கள் பெங்களூரு, சென்னைக்குச் சரி. பேரூராட்சியில் போன் போட்டு டோக்கன் கேட்பதுதான் வழக்கம். போதாததற்கு, அந்தத் தளங்களில் உங்கள் பெயருக்குக் கீழேயே அடுத்த தெரு டாக்டரும் இருப்பார். இன்ஸ்டாகிராம், லாசிக் (கண்ணாடியை விடுவதற்கான லேசர் சிகிச்சை) கேட்கும் இளவட்டங்களுக்கும் கண்ணாடி பிரேம் விற்கவும் உதவும். அறுபது வயது புரைக்கு அதில் பணம் போடுவது வீண். ரீல்ஸ் எடுக்கிற ஆர்வத்தில் "சொட்டு மருந்திலேயே புரையைக் கரைக்கலாம்" என்று எவராவது விற்பதைப் பகிர்ந்துவிடாதீர்கள். குணப்படுத்துவதாக மருந்தை விளம்பரம் செய்யக் கூடாத நோய்கள் என்று 1954-ஆம் ஆண்டின் மாய நிவாரணச் சட்டம் போட்டிருக்கும் அட்டவணையில் கண்புரையும் இருக்கிறது.

இப்போதெல்லாம் வேலை தொடங்கும்முன் ரிசப்ஷனில் ஒரு நோட்டு வைத்து, ஒரு வாரம் போனில் வருகிற கேள்விகளை எழுதச் சொல்கிறேன். ஒரு கிளினிக்கில் விலையைவிட அதிகம் வந்த கேள்வி, "லிஃப்ட் இருக்கா?" கிளினிக் இரண்டாவது மாடி, லிஃப்ட் கிடையாது. அதையும் வெப்சைட்டில் போட்டுவிடலாம் என்றேன். டாக்டர் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார்.