லேசர் படகும் பின்மூலையில் மாட்டும் கயிறும்: டர்பன் துறைமுகக் காற்றில் நீண்டநாள் அனுபவம்

டர்பனின் சாட்ஸ்வொர்த்திலிருந்து நண்பர் ஒருவர் கேட்டிருக்கிறார். பழைய லேசர் பாய்ப்படகு ஒன்று விலைக்கு வருகிறதாம், துறைமுகத்தில் பந்தயம் ஓட்ட மகனுக்கு வாங்கலாமா என்று. அளவு, எடை எல்லாம் அவருக்கே தெரியும். நாலேகால் மீட்டர் நீளம், வெறும் உடல் 59 கிலோ, ஒரே பாய், ஒரே ஆள். அதையெல்லாம் திரும்ப ஒப்பிப்பதில் பயனில்லை. பல வருடமாக இந்தப் படகை இந்தக் காற்றில் ஓட்டுகிறவன் என்ற முறையில் நான் முதலில் சொல்ல வேண்டியது ஒன்றே ஒன்றுதான்: ஜைப் அடிக்கும்போது, அதாவது பின்காற்றில் பாய் மறுபக்கம் மாறும்படி படகைத் திருப்பும்போது, படகின் பின்மூலையில் மாட்டுகிற மெயின்ஷீட், பாயை இழுத்துப் பிடிக்கும் கயிறு.

அது எப்படி மாட்டுகிறது என்று பார்ப்போம். மெயின்ஷீட், பாயின் அடியில் கிடையாக நிற்கும் கழியான பூமின் பின்முனையில் தொடங்கி, படகின் பின்புறத்தில் குறுக்கே கட்டிய டிராவலர் கயிற்றின்மேல் ஓடும் கப்பிக்குள் இறங்கி, மறுபடி பூமுக்கு ஏறி, பூமை ஒட்டி முன்னால் வந்து, நடுக்கப்பி வழியாகக் கைக்கு வருகிறது. பின்காற்றில் ஓடும்போது பூம் முழுக்க வெளியே இருக்கும். அப்போது பூம் முனைக்கும் படகின் பின்பலகைக்கும் நடுவே கயிறு இரண்டு இழையாக நீண்டு கிடக்கும். ஜைப்பில் பூம் ஒரு நொடிக்குள் நடுவுக்கு வந்துவிடுகிறது. அந்த நொடியில் அவ்வளவு கயிறையும் கையால் இழுத்து எடுக்க யாராலும் முடியாது. எடுக்காத கயிறு தொய்ந்து தண்ணீரில் விழும். பூம் மறுபக்கம் பாயும்போது அந்தத் தொய்வு பின்பலகையின் மூலையைச் சுற்றி, தூண்டில் முள்ளில் மாட்டியது போலப் பிடித்துக்கொள்ளும். பூம் பாதி வழியில் நின்றுவிடும். பாயை யாரோ இறுக்கிக் கட்டிவிட்ட நிலை. சுக்கானை எவ்வளவு இழுத்தாலும் படகு காற்றை நோக்கித் திரும்பும், சாயும், கவிழும்.

10 நாட் (மணிக்கு 10 கடல்மைல்) காற்றில் இது ஒரு தொல்லை, அவ்வளவுதான். கயிற்றை ஒரு உதறு உதறினால் வந்துவிடும். 20 நாட்டுக்கு மேல் போனால் உதற நேரமே இருக்காது.

டர்பன் காற்றைத் தெரிந்தவர்களுக்கு இது ஏன் பெரிய விஷயம் என்று புரியும். கோடையில் வடகிழக்குக் காற்று முற்பகலில் எழுந்து பிற்பகலில் பலமாகும். துறைமுகத்துக்குள் அது நகரத்துக் கட்டடங்களைத் தாண்டி இறங்குவதால் நகரத்தின் கரைச்சாலையான எஸ்பிளனேடு ஓரமாக ஒரே சீராக இருக்காது. ஒரு கணம் வெற்றிடம், அடுத்த கணம் ஒரே வீச்சு. அதையாவது பழகிக்கொள்ளலாம். கரையோரக் காற்றழுத்தத் தாழ்வு தெற்கிலிருந்து கரையைத் தொட்டபடி ஏறிவரும் நாள்தான் ஆபத்தான நாள். காற்றழுத்தமானி இறங்கிக்கொண்டே இருக்கும். வடகிழக்கு வழக்கத்தைவிடப் பலமாக வீசிவிட்டுச் சட்டென்று செத்துப்போகும். புழுக்கம் தாங்காது. துறைமுகத்துக்குத் தெற்கே உள்ள பிளஃப் மேட்டுக்குப் பின்னால் தாழ்வாக ஒரு மேகக்கரை எழும்பும். துறைமுகத்தின் உள்கோடியான பேஹெட் பக்கம் தண்ணீர் கறுத்தால் இனி சில நிமிடங்கள்தான். தென்மேற்கு 30 நாட்டுக்கு மேல் வந்து விழும், அதுவும் முன்னிருந்த திசைக்கு நேர் எதிரிலிருந்து.

வடகிழக்குக்கு வைத்த பாதையில் காற்று வரும் பக்கத்து மிதவையை நோக்கி ஏறிக்கொண்டிருப்பவரை நினைத்துப் பாருங்கள். பாய் நடுவில் இறுகியிருக்கிறது, பூமைக் கீழே இழுத்துப் பிடிக்கும் வேங் கயிறு முழு இழுப்பில் இருக்கிறது, படகின் நடுவே தண்ணீருக்குள் இறக்கும் பலகையான டாகர்போர்டு அடிவரை இறங்கியிருக்கிறது. அந்த நிலையில் காற்று முதுகில் வந்து அறைகிறது. முதலில் கை போக வேண்டிய இடம் வேங் கயிற்றைப் பிடித்து வைக்கும் கிளீட். மெயின்ஷீட் அதற்கு அடுத்துத்தான். வேங் இறுகியிருக்க ஷீட்டை மட்டும் விட்டால் பூம் முனை தண்ணீரில் குத்தி, படகு அதையே அச்சாக வைத்துக் கவிழும். வேங்கை விட்டு, ஷீட்டை விட்டு, உடம்பைப் பின்னால் நகர்த்தி, படகை ஓட விடுங்கள். அந்த முதல் வீச்சில் ஜைப் அடிக்கவே கூடாது. திரும்பித்தான் ஆக வேண்டுமென்றால் காற்றை எதிர்கொண்டு சுற்றி, டாக் அடித்துத் திரும்புங்கள். சில படகு நீளம் பின்தங்குவீர்கள். கவிழ்ந்து எழுகிறவர் அதைவிட எவ்வளவோ பின்தங்குவார்.

காற்று நிலைத்த பிறகு ஜைப் அடித்தே ஆக வேண்டும். அப்போது கயிறு மாட்டாமல் இருக்கச் செய்யக்கூடியவை இவை. டிராவலரை இறுக்குங்கள். கைக்கு இறுக்கமாகத் தோன்றுவது போதாது. டிராவலருக்கு அடியில் சுக்கான் பிடி உரசிக்கொண்டு நுழையும் அளவுக்கு இறுக்க வேண்டும். தளர்ந்த டிராவலரில் கப்பி நடுவிலேயே தூக்கிக்கொண்டு நிற்கும். இறுகியதில்தான் அது மூலைவரை ஓடிப்போகும், தொய்வும் குறையும். நீளாத டைனீமா கயிறு போடுங்கள். சாதாரணக் கயிறு நனைந்து, வெயிலில் காய்ந்து, இரண்டாவது ஓட்டத்துக்குள் தளர்ந்துவிடும். உயரம் குறைந்த கார்பன் பிடி இருந்தால் டிராவலர் இன்னும் தாழ்வாகப் படியும். ஆனால் கயிறு உரசும் இடத்தில் பிடியின்மேல் எஃகுத் தகடு இல்லையென்றால் பிடி அறுபட்டுப்போகும்.

மெயின்ஷீட் 6 அல்லது 7 மில்லிமீட்டர் போதும், தண்ணீர் குடிக்காத ரகமாக இருக்கட்டும். தடித்த பழைய கயிறு நனைந்தால் கனத்துத் தண்ணீரிலேயே கிடக்கும். பின்கப்பிகள் இரண்டும் விரலால் தட்டினால் சுழல வேண்டும். உப்பும் மணலும் ஏறி இறுகிய கப்பியில் கயிறு ஓடாமல் அங்கேயே தொங்கும். ஒவ்வொரு முறை கரையேறியதும் நல்ல தண்ணீர் ஊற்றிக் கழுவுவது இதற்காகத்தான். பின்காற்றில் பூம் 90 பாகையைத் தாண்டாதபடி ஷீட்டில் ஒரு முடிச்சும் போட்டு வையுங்கள்.

ஜைப்பின்போது கை செய்யும் வேலைதான் முக்கியம். படகு முழு வேகத்தில் அலையிறக்கத்தில் ஓடும்போதுதான் திரும்ப வேண்டும். அப்போதுதான் பாய்மேல் காற்றின் பாரம் குறைந்திருக்கும். வேகம் செத்த நேரத்தில் திரும்பினால் காற்று முழுப் பலத்தோடு பாயில் விழும். திரும்பத் தொடங்கும் முன்பே ஒரு கைநீளம் ஷீட்டை உள்ளே எடுத்து விடுங்கள். பாயின் பின்விளிம்பு தளர்ந்து மடங்கப் பார்க்கும் அந்தக் கணத்தில், ஷீட்டை மேல்நோக்கிப் பின்னிழுத்து ஒரே சுண்டு. தண்ணீரில் கிடக்கும் தொய்வு மேலே எழும்பும், பூமும் கிளம்பிவிடும். பூம் தலைக்குமேல் கடக்கும்போதே சுக்கானை நேருக்குக் கொண்டுவந்துவிட வேண்டும். தாமதித்தால் படகு தன் போக்கில் காற்றை நோக்கிச் சுழலும்.

வேங் இதில் இரண்டு பக்கமும் வெட்டும். அதிகம் இறுகினால் பூம் தண்ணீரைத் தொடும். அதிகம் தளர்ந்தால் பூம் மேலே தூக்கும், ஷீட்டின் தொய்வு கூடும், பாயின் மேல்பாகம் முன்னால் சாய்ந்து படகு காற்று வரும் பக்கமாகவே உருண்டு கவிழும். பாயை விறைப்பாக்கச் செருகும் பட்டைகளில் மேலே உள்ள பேட்டனைப் பாருங்கள். அது அணியத்தை நோக்கி முன்னால் போகிறதென்றால் வேங் போதவில்லை. டாகர்போர்டைப் பின்காற்றில் ஓரளவு தூக்கி வைப்போம் அல்லவா, அதன் தலை வேங்கில் இடிக்காத உயரத்தில் நிறுத்துங்கள். ஜைப் நடுவில் வேங் போர்டில் மோதி நின்றால் கயிறு மாட்டியதற்கும் அதற்கும் வித்தியாசம் இல்லை.

இவ்வளவையும் செய்த பிறகும் கயிறு மாட்டும். குறையும், நிற்காது. என் கோபமெல்லாம் இதில்தான். கனடாக்காரர் புரூஸ் கர்பி வரைந்து, 1971-இல் விற்பனைக்கு வந்த படகு இது. 1996 முதல் ஒலிம்பிக்கில் இருக்கிறது. இல்கா என்று பெயர்கூட மாறிவிட்டது. பாயின் துணி மாறியது, மேல்பாய்மரம் மாறியது, வேங், பாயின் முன்விளிம்பைக் கீழே இழுக்கும் கன்னிங்ஹாம் எல்லாம் மாறின. பின்மூலை மட்டும் அப்படியே இருக்கிறது. கயிறு வழுக்கிப் போகும்படி வளைந்த ஒரு சின்னக் காப்பு அங்கே போதும். ஆனால் இந்த ரகப் படகுகளின் பந்தய விதியில் அனுமதித்து எழுதியதைத்தான் செய்யலாம், எழுதாதது எல்லாம் தடை. எல்லாரும் ஒரே படகில் ஓட்ட வேண்டும் என்ற நியாயம் எனக்கும் பிடித்ததுதான். ஒரே குறையை எல்லாருக்கும் சமமாகப் பங்கு வைப்பது நியாயம் ஆகாது.

நல்லதையும் சொல்ல வேண்டும், சொல்ல நிறைய இருக்கிறது. தென்மேற்கு விழுந்தால் இந்த அளவுள்ள படகுகளில் நான் இருக்க விரும்புவது இதில்தான். கவிழ்ந்தால் போர்டின்மேல் ஏறி நின்று ஒரு இழுப்பு, எழுந்துவிடும். உள்ளே தேங்குகிற தண்ணீர் ஒரு வாளி அளவுக்கு அதிகமாக இருக்காது. படகு ஓடத் தொடங்கியதும் பெய்லர் என்னும் வடிதுளை வழியாகத் தானே வடியும். ஏறு காற்றில் கன்னிங்ஹாமையும் வேங்கையும் முழுக்க இழுத்து, முழங்காலுக்குமேல் உடம்பை வெளியே போட்டு உட்கார்ந்தால், பெரிய படகுகள் தடுமாறும் குறுகிய அலையில்கூட அடிமேல் அடி வைத்து ஏறும். கடல் ஏற்றத்தின்போது தண்ணீர் உள்ளே வர, தென்மேற்கு அதற்கு எதிராக வீசும் நேரத்தில் துறைமுகத்தில் எழும் அந்தச் செங்குத்தான அலையை ஓட்டியவர்களுக்கு நான் சொல்வது தெரியும். கயிறு கச்சிதமாக வந்து, பூம் தடையில்லாமல் மறுபக்கம் போய், படகு அலைமேல் வழுக்கிக்கொண்டு பறக்கிற ஜைப்பைப் போல இன்பம் வேறு எந்தப் படகிலும் எனக்குக் கிடைத்ததில்லை.

ஓட்டத்தின் நடுவே பாயைச் சுருக்க எளிய வழியில்லை என்பது துறைமுகத்தில் உறைக்கும் இன்னொரு குறை. பாய் பாய்மரத்தை உறைபோல மூடியிருப்பதால் தண்ணீரில் பாயை இறக்கவும் முடியாது. காற்று மீறினால் பாயைப் பூம் முனைக்கு இழுத்துக் கட்டும் அவுட்ஹால் கயிற்றைக் கழற்றி, பாயைப் பாய்மரத்தைச் சுற்றிச் சுருட்டிவிட்டு உதவிப் படகுக்குக் காத்திருப்பதுதான் வழி. கடல் வற்றத்தின்போது நடுமணல்திட்டுப் பக்கம் கவிழ்ந்தால் பாய்மர உச்சி சேற்றில் குத்தும். பாய்மரத்தின் பழைய அலுமினிய மேல்துண்டு வளைவது பெரும்பாலும் அப்படித்தான், அதுவும் இணைப்பு வளையத்தின் ரிவெட் துளை உள்ள இடத்தில். ரிவெட்டைப் பின்பக்கம் பார்க்க வையுங்கள். பாய்மரம் வளையும்போது அந்தப் பக்கம் அமுங்குகிறது, எனவே துளை பிளக்காது. பெருமழைக்குப் பிறகு உம்பிலோ ஆறு கொண்டுவந்து கொட்டும் பிளாஸ்டிக்கும் மரத்துண்டும் போர்டிலும் சுக்கானிலும் சிக்கும். 2022 ஏப்ரல் வெள்ளத்துக்குப் பின் துறைமுகம் கிடந்த கிடையைப் பார்த்தவர்களுக்கு விளக்கத் தேவையில்லை.

இனி நண்பருக்குப் பதில். வாங்க வேண்டாம். இத்தனை புகழ்ந்த பிறகு இப்படிச் சொல்வது பொருந்தவில்லை என்று தெரியும். ஆனாலும் துறைமுகத்தில், திடீர்த் தென்மேற்கில், கப்பல்கள் போகிற கால்வாய்க்குப் பக்கத்தில் பந்தயம் கற்கப்போகும் பையனுக்கு, தானே மாட்டிக்கொள்கிற கயிறு உள்ள படகை இன்று என்னால் பரிந்துரைக்க முடியாது. உள்நாட்டிலுள்ள மிட்மார் அணையில் ஓட்டுவதென்றால் யோசிக்கலாம். அங்கேயும் குளிர்காலக் கடைசியில் மலைப்பக்கத்திலிருந்து இறங்கும் பெர்க் காற்று வெப்பமாகவும் முரட்டுத்தனமாகவும் வரும், கோடைப் பிற்பகலில் இடிமழை வரும். ஆனால் கப்பல் வராது, சுற்றிலும் கரை.

பையன் பிடிவாதம் பிடித்து வாங்கியே தீர்வதானால் சில விஷயங்கள். 70 கிலோவுக்குக் கீழே என்றால் பெரிய பாய் வேண்டாம். ரேடியல் என்னும் சிறிய பாயும் அதற்கான கீழ்த்துண்டும் வாங்குங்கள், மேல்துண்டும் பூமும் அப்படியே பொருந்தும். வேங் பழைய ரகமாக இருந்தால் புதிய பல கப்பி வேங்குக்கான காசையும் விலையோடு சேர்த்துக் கணக்குப் போடுங்கள். காசைக் கொடுக்கும் முன் பாய்மரக் குழியில் மேல்மட்டம் வரை தண்ணீர் ஊற்றி, மட்டத்தைப் பென்சிலால் குறித்து, ஒரு மணி நேரம் விட்டுப் பாருங்கள். தண்ணீர் இறங்கினால் குழியின் அடி ஒட்டு விட்டுவிட்டது என்று பொருள். பலத்த காற்றில் பாய்மரம் மேல்தளத்தையும் பிய்த்துக்கொண்டு வரும். தண்ணீர் இறங்காவிட்டாலும் கீழ்த்துண்டைச் செருகி முன்னும் பின்னும் ஆட்டிப் பாருங்கள். குழியைச் சுற்றி மேல்தளம் அசைந்தால் விலை பேச வேண்டாம், திரும்பி வந்துவிடுங்கள். குழி நன்றாக இருந்தால், அடியில் மணல் அரிக்காமல் இருக்க மெல்லிய பிளாஸ்டிக் தட்டு ஒன்று போடலாம், அதற்கு விதி அனுமதிக்கிறது. தட்டைப் போடும் முன் குழியைக் கழுவி, மணலைத் துணியால் ஒற்றி எடுத்துவிடுங்கள்.