இடுப்பு ரீசர்ஃபேசிங் முடிந்து வீட்டில்: வாக்கரா, ரெட்டை ஊன்றுகோலா, ஒற்றைத் தடியா?

ரீசர்ஃபேசிங் என்கிற இடுப்பு மூட்டு ஆபரேஷனுக்குப் பிறகு இந்த மூன்றையும் நான் பயன்படுத்திப் பார்த்தாயிற்று. முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: முதல் சில வாரங்களுக்கு ரெட்டை ஊன்றுகோல், ராத்திரிக்கு மட்டும் வாக்கர். ஒற்றைத் தடி, நமக்கு ஆசை வருகிற நாளிலிருந்து குறைந்தது ஒரு வாரம் கழித்து. எவ்வளவு எடையை அந்தக் காலில் இறக்கலாம் என்று உங்கள் சர்ஜன் சொன்னதற்குள்தான் இதெல்லாம்.

ஏன் இவ்வளவு ஜாக்கிரதை என்றால், முழு இடுப்பு மாற்று ஆபரேஷனில் தொடை எலும்பின் தலையையே வெட்டி எடுத்துவிடுவார்கள். ரீசர்ஃபேசிங்கில் அந்தத் தலையைச் செதுக்கி அதன்மேல் ஒரு உலோகத் தொப்பியை மாட்டுகிறார்கள். பந்து பெரியதாக இருப்பதால் மூட்டு நழுவுகிற பயம் குறைவு, நல்லதுதான். ஆனால் அந்தத் தொப்பிக்குக் கீழே இருக்கிற எலும்புக் கழுத்து நம்முடையது, அது முறிகிற ஆபத்து முதல் சில மாதங்களில்தான் அதிகம், முறிந்தால் பெரும்பாலும் இன்னொரு ஆபரேஷன். வலி போய்விட்டது என்பதற்கும் எலும்பு தயார் என்பதற்கும் சம்பந்தமே இல்லை.

சரி, வாக்கர். நாலு கால் தரையில் இருப்பதால் விழுகிற பயம் குறைவு, வலி மாத்திரை மயக்கத்தில் ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து போகும்போது இதற்கு ஈடு எதுவும் கிடையாது. ஆனால் பகல் முழுக்க அதைப் பிடித்து நடந்தால் நம்மை அறியாமல் முன்னால் கூனிவிடுகிறோம், தூக்கி வை, அரை எட்டு போடு, நில், மறுபடி தூக்கி வை என்று நடையே துண்டு துண்டாகப் போய்விடுகிறது. இடுப்பின் முன்பக்கத் தசை நிமிர்ந்து நீள வேண்டிய நேரத்தில் மடங்கியே கிடக்கிறது. மாடிப்படிக்கும் உதவாது.

ரெட்டை ஊன்றுகோலில் முதுகு நிமிர்கிறது, இரண்டு காலும் மாறி மாறி முழு எட்டு வைக்கிறது. படியில் ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது ஊன்றுகோலும் ஆபரேஷன் ஆன காலும் முதலில். இதிலும் அக்குளில் வைப்பது, முழங்கைக்குக் கீழே வளையம் மாட்டுவது என்று இரண்டு வகை. அக்குள் வகையில் களைத்துப்போனால் உடம்பை அக்குள்மேலேயே சாய்த்துவிடுவோம், அங்கே இருக்கிற நரம்பு அழுந்திக் கை மரத்துப்போகும். வளைய வகையில் அந்தத் தொல்லை இல்லை, கதவைத் திறக்கக் கையை விட்டாலும் கோல் கையிலேயே தொங்கும். எதுவானாலும், செருப்போடு நேராக நின்று கையைத் தொங்கவிட்டால் மணிக்கட்டு மடிப்புக்கு நேராகக் கைப்பிடி இருக்க வேண்டும். ஒரே குறை, ஒரு கப் தண்ணீரைக்கூட எடுத்துக்கொண்டு நடக்க முடியாது. குறுக்கே மாட்டுகிற சின்னப் பை ஒன்றும் மூடி இறுகுகிற பாட்டிலும் இருந்தால் சமாளிக்கலாம்.

ஒற்றைத் தடியில்தான் நான் சறுக்கினேன். ஒன்பதாம் நாள் வலியே இல்லை, 'இனிமேல் எதற்கு இரண்டு' என்று ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு வீட்டையே சுற்றிச் சுற்றி வந்தேன், அதுவும் ஆபரேஷன் ஆன பக்கத்துக் கையில். சாயங்காலம் தொடை கல் மாதிரி வீங்கி, நடை ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது. மறுநாள் பிசியோதெரபிஸ்ட் பேசாமல் இன்னொரு கோலைக் கையில் கொடுத்தார். தடி எதிர்ப்பக்கக் கையில்தான் இருக்க வேண்டும்: நல்ல காலைத் தூக்கும்போது இடுப்பு சரியாமல் பிடித்து நிறுத்துவது ஆபரேஷன் ஆன பக்கத்துப் பிட்டத் தசை, எதிர்க்கையில் இருக்கிற தடி அந்த வேலையில் ஒரு பங்கை வாங்கிக்கொள்கிறது. பின்னாலிருந்து யாரையாவது மொபைலில் வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். உடம்பு ஒரு பக்கம் ஆடினால் மறுபடி ரெட்டைதான், ரோஷம் பார்க்காதீர்கள்.

படுக்கைக்குக் கட்டிலா சாய்வு நாற்காலியா என்றால் கட்டில். நாற்காலி முதலில் சுகமாகத்தான் இருக்கும், ஆனால் மணிக்கணக்கில் இடுப்பு மடங்கியிருக்கும், காலும் கீழே தொங்கி வீங்கும். மல்லாந்து படுத்து, கால்களுக்கு நடுவே தலையணை. வீக்கத்துக்கு ஐஸ் ஒத்தடம் கொடுக்க மெஷின் தேவையில்லை என்பது என் கட்சி, மாற்றி மாற்றி வைக்க இரண்டு ஜெல் பை, துணி சுற்றி 15 முதல் 20 நிமிடம். கழிவறைக்கு உயரம் கூட்டுகிற இருக்கை மட்டும் போதாது, இரண்டு பக்கமும் கைப்பிடி உள்ளது வேண்டும். எழுந்திருக்க எதையாவது ஊன்றித்தானே ஆக வேண்டும்.

எடை வைத்தவுடன் தொடை இடுக்கில் திடீரென்று வலி, கெண்டைக்கால் வீங்கி வலிப்பது, மூச்சு வாங்குவது, தையலில் கசிவு, காய்ச்சல், இவற்றில் எது வந்தாலும் உடனே டாக்டர், விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

அப்புறம் ஒன்று, ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்து வைக்காதீர்கள். அது கட்டாயம் வழுக்கி விழும், நீங்களும் யோசிக்காமல் குனிவீர்கள். ஒரு கயிற்று வளையம் கட்டி நாற்காலி முதுகில் மாட்டிவிடுங்கள்.