செல்வமகளா, பி.பி.எஃப்.பா: கல்லூரிக் கட்டணம் கட்டியவனின் கணக்கு

2025 ஆகஸ்டில் என் மகளுக்கு நவி மும்பையில் பொறியியல் இடம் கிடைத்தது. ஆண்டுக் கட்டணம் 1.6 லட்சம். ஒதுக்கீடு வந்த சில நாட்களுக்குள் பணம் கட்டாவிட்டால் இடம் கைவிட்டுப் போகும். கடன் வாங்காமல் கட்டினோம். அதிலிருந்து சயான், செம்பூர்ப் பக்கத்து உறவினர்கள் கைக்குழந்தையோடு வந்து கேட்கிறார்கள்: பிள்ளையின் படிப்புக்குச் சேமிக்க, பெண் குழந்தைகளுக்கான அரசுச் சேமிப்பான செல்வமகள் கணக்கா, பதினைந்து ஆண்டு அரசுச் சேமிப்பான பி.பி.எஃப்.பா (பொது வருங்கால வைப்பு நிதி)? என்னிடம் இரண்டும் இருந்தன. நான் பி.பி.எஃப். பக்கம்.

வட்டியில் செல்வமகள்தான் மேல்: 8.2 சதவீதம், பி.பி.எஃப்.புக்கு 7.1. ஆண்டுக்கு 1.5 லட்சம் என்ற உச்சவரம்பும் வட்டிக்கு வரியில்லை என்பதும் இரண்டுக்கும் பொது. செல்வமகளைப் பெண் குழந்தைக்கு மட்டும், பத்து வயதுக்குள் தொடங்க வேண்டும்.

ஆனால் வட்டியைவிட, பணம் கைக்கு வரும் நாள்தான் முக்கியம். செல்வமகள் முதிர்வது கணக்கு தொடங்கி 21 ஆண்டுகள் கழித்து. மகளின் வயதை வைத்தல்ல. பிறந்த உடனே தொடங்கினாலும் அது முதிரும்போது அவள் பட்டப்படிப்பை முடிக்கும் வயதில் இருப்பாள். திட்டம் அறிமுகமான 2015இலேயே, மகளின் ஏழாவது வயதில், நான் தொடங்கினேன். அது முதிர்வது 2036இல். இடையில் படிப்புக்கு எடுக்கலாம்தான். ஆனால் முந்தைய நிதியாண்டு இறுதி இருப்பில் பாதிவரை, அதுவும் கல்லூரி கேட்கும் கட்டண அளவுக்குத்தான். தவணையாக எடுத்தால் ஆண்டுக்கு ஒருமுறை. என் கணக்கில் இருந்தது ஏறத்தாழ 5.4 லட்சம்; தொடக்கூடியது 2.7 லட்சம். நான்கு ஆண்டுக் கட்டணமோ 6.4 லட்சம். தபால் நிலையத்தில் சேர்க்கைக் கடிதத்தோடு கட்டண விவரமும் கேட்டார்கள். அதைக் கல்லூரியில் வாங்கி வருவதற்குள் கெடு நெருங்கிவிட்டது.

பி.பி.எஃப். கணக்கை 2010 பிப்ரவரியில் தொடங்கியிருந்தேன். தொடங்கிய நிதியாண்டின் முடிவிலிருந்து பதினைந்து ஆண்டுகள் என்பதால் 2025 ஏப்ரல் முதல் தேதி முதிர்ந்தது. மாதம் 4,000 ரூபாய் போட்டது 13 லட்சத்தைத் தாண்டியிருந்தது. எதற்கு எடுக்கிறீர்கள் என்று யாரும் கேட்கவில்லை. சேர்க்கைக்கு நான்கு மாதம் முன்பே மொத்தப் பணமும் வங்கிக் கணக்கில் இருந்தது. அந்த நிம்மதிக்கு ஒரு சதவீத வட்டியை நான் மனமாரக் கொடுப்பேன்.

செல்வமகளுக்குச் சார்பாகவும் ஒன்று சொல்ல வேண்டும். 2020இல் சம்பளம் பாதியானபோது பி.பி.எஃப்.பிலிருந்து கொஞ்சம் எடுக்க இருந்தேன். மனைவி தடுத்ததால்தான் அது தப்பியது. செல்வமகளில் அப்படிக் கைவைக்கவே முடியாது.

கல்விக் கடனை ஏன் ஒதுக்கினோம் என்பதற்கு ஒரு கணக்கு போதும். ஆண்டுக்கு 2 லட்சமாக நான்கு ஆண்டுகள், 10 சதவீதத் தனிவட்டி என்று வையுங்கள். படிப்பும், அதன்பின் தவணை கட்டத் தேவையில்லாத ஓராண்டு சலுகைக் காலமும் முடியும்போது வட்டி மட்டும் 2.8 லட்சம் சேர்ந்திருக்கும். முதல் தவணை கட்டும் முன்பே 8 லட்சம் 10.8 லட்சமாகிவிடும்.

பிள்ளைக்கு ஏற்கெனவே ஏழெட்டு வயதாகிவிட்டது என்றால் என் பதினைந்து ஆண்டுக் கணக்கு பொருந்தாது. தொடங்கிய நிதியாண்டின் முடிவிலிருந்து ஐந்து ஆண்டுகள் கழித்து, உயர்கல்விக்காக பி.பி.எஃப்.பை முன்கூட்டியே மூட விதி இருக்கிறது. வட்டியில் ஒரு சதவீதம் குறையும். ஆனால் முழுத் தொகையும் வரும். நான் அந்த வழியில் போனதில்லை. தொடங்கும் முன் வங்கியில் விசாரித்துக்கொள்ளுங்கள். மகள் எம்.டெக். பற்றி இப்போதே பேசுகிறாள். செல்வமகள் கணக்கை அதற்காகத் தொடர்கிறோம்.