ஃபார்கோ: ஏழு மாத வயிறும் ஒரு கொலை வழக்கும்

1996-இல் அமெரிக்க இயக்குநர்கள் கோயன் சகோதரர்கள் எடுத்த படம். முதலில் பார்த்தபோது எனக்குக் கல்யாணமாகவில்லை. அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்துப் பனியும், ஊர்க்காரர்கள் எதற்கெடுத்தாலும் 'யா, யா' என்று இழுப்பதும்தான் மனதில் நின்றன. போன வாரம் என் மகளோடு மறுபடி பார்த்தேன். இந்தத் தடவை, கொலையை விசாரிக்கும் கர்ப்பிணிப் போலீஸ்காரர் மார்ஜின் வயிற்றை விட்டு என் கண் நகரவில்லை.

பணமுடையில் மாட்டிய கார் கடை மேலாளர் ஜெர்ரி, பணக்கார மாமனாரிடம் பணம் கறக்கத் தன் மனைவியையே கடத்த இரண்டு பேரை ஏற்பாடு செய்கிறான். பிரைனர்ட் என்ற சிறிய ஊருக்குப் பக்கத்தில் மூன்று பேர் சுடப்பட்டுச் சாகிறார்கள். அந்த ஊர் போலீஸ் தலைவர் மார்ஜ் கண்டர்சன் திரையில் வருவதற்கே அரைமணி நேரம் ஆகிறது. விடியும் முன் போன் அடிக்கிறது. மார்ஜ் எழுகிறார், கூடவே கணவர் நார்மும் முட்டை போட்டுத் தர எழுந்துவிடுகிறார்.

கவிழ்ந்த கார் பக்கத்தில் மார்ஜ் குனிந்து நிற்கிறார். ஏதோ தடயம் கிடைத்துவிட்டது என்று உடன் வந்த காவலர் லூ நினைக்கிறார். இல்லை, குமட்டல். அது அடங்கியதும் மறுபடி பசிக்கிறது என்கிறார். அதற்குச் சற்று முன்புதான் காலடித் தடத்தைப் பார்த்தே, சுட்டவன் பெரிய உருவம் என்று சொல்லியிருந்தார். செத்துப்போன காவலர் எழுதி வைத்திருந்த 'டிஎல்ஆர்' என்பதை லூ கார் எண்ணின் தொடக்கம் என்று நினைத்துத் தேடுகிறார். அது டீலர் வண்டியின் குறி என்று மார்ஜ், அவர் மனம் நோகாமல் எடுத்துச் சொல்கிறார்.

நான் ஏழு மாதத்தில் வேலைக்குப் போனபோது என் மேலதிகாரி தினமும் 'உன்னால முடியுமா?' என்று கேட்பார். ஒரு நாள் கேட்காமலே என் வேலையை வேறொருவரிடம் கொடுத்துவிட்டார். மார்ஜிடம் அந்தக் கேள்வியை யாரும் கேட்பதில்லை. வயிறு இருக்கிறது, வேலையும் நடக்கிறது, அவ்வளவுதான். அதை இவ்வளவு இயல்பாகக் காட்டிய படம் எனக்குத் தெரிந்து வேறு இல்லை. மார்ஜாக நடித்த பிரான்சஸ் மெக்டார்மண்டுக்கு ஆஸ்கர் கிடைத்ததில் எனக்கு இன்றும் சந்தோஷம்.

ஆனால் மார்ஜுக்குக் கொடுத்த மரியாதையைப் படம் மற்றவர்களுக்குத் தரவில்லை. கடத்தப்பட்ட ஜீன், தலை மூடப்பட்டுப் பனியில் திசை தெரியாமல் ஓடி விழுகிறாள். கடத்தியவன் சிரிக்கிறான், நாமும் சிரிக்க வேண்டும் என்று காட்சி எதிர்பார்க்கிறது. முதல் தடவை சிரித்திருப்பேன். இப்போது முடியவில்லை.

ஜெர்ரியின் கார் கடைப் பட்டறையில் மெக்கானிக்காக இருக்கும் ஷெப் பிரவுட்ஃபுட்தான் கதையில் இடம்பெறும் ஒரே அமெரிக்கப் பூர்வகுடி. நடித்த ஸ்டீவ் ரீவிஸ் பிளாக்ஃபீட் என்ற பூர்வகுடி இனத்தவர். மினசோட்டா என்ற பெயரே டகோட்டா என்ற பூர்வகுடி மொழிச் சொல். அந்த மண்ணின் கதையில் பூர்வகுடிக்குக் கிடைத்தது சிறை சென்று வந்தவன் என்ற அடையாளமும், பெல்ட்டால் ஒருவனை விளாசும் காட்சியும். வசனம் ஒரு கை விரலில் எண்ணிவிடலாம் போலத் தோன்றியது.

மைக் யனகிடா வரும் காட்சியில்தான் நான் தடுமாறினேன். மார்ஜோடு பள்ளியில் படித்த ஜப்பானிய அமெரிக்கர். மார்ஜ் பக்கத்தில் நெருங்கி உட்காருகிறார், எதிரே போய் உட்காரச் சொன்னதும் போகிறார். மனைவி இறந்துவிட்டாள் என்று சொல்லி உடைந்து அழுகிறார். ஸ்டீவ் பார்க் அந்த அழுகையை அவ்வளவு உண்மையாகச் செய்திருக்கிறார். மற்றவர்களைப் போலவே 'யா' இழுத்துப் பேசுகிறார், 'நீ எந்த ஊர்?' என்று யாரும் கேட்பதில்லை. அது எனக்குப் பிடித்தது. ஆனால் பிற்பாடு ஒரு தோழி, அவர் சொன்னது முழுக்கப் பொய், மனநலம் சரியில்லை என்று போனில் சொல்லிவிடுகிறாள். அதற்குப் பிறகுதான் மார்ஜ், ஏற்கெனவே ஒரு முறை விசாரித்த ஜெர்ரியிடம் திரும்பப் போகிறார். கதைக்கு அந்தப் பொய் உதவுகிறது. மைக்குக்கு என்ன மிஞ்சியது? தனிமையில் புழுங்கும் ஆசிய ஆண் என்ற பழைய அச்சு.

98 நிமிடம்தான், கட்டாயம் பாருங்கள். இரத்தம் அதிகம், சின்னப் பிள்ளைகளோடு வேண்டாம். என் மகளுக்கு 19 வயது. படம் முடிந்து பெயர்கள் ஓடும்போது, "அந்த ஷெப் என்னம்மா ஆனான்?" என்று கேட்டாள். படம் அதைச் சொல்வதில்லை.