பொதுச் சுவருக்கு மேலே ஒழுகும் கூரை: அடைப்பதா, வடிப்பதா, சுவரை ஏற்றுவதா?

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வர்த்திலும் ஃபீனிக்ஸிலும், நடுவே ஒரே சுவரைப் பகிர்ந்துகொள்ளும் பொதுச் சுவர் வீடுகள் தெருத்தெருவாக நிற்கின்றன. கட்டிய நாளில் பெரும்பாலும் இரண்டு வீட்டுக்கும் ஒரே கூரைதான். பிறகு ஒரு வீட்டார் புதிதாகக் காங்கிரீட் ஓடு போடுகிறார்கள். அடுத்த வீட்டார் பழைய ஸ்லேட்டையோ பழைய ஓட்டையோ அப்படியே விட்டுவிடுகிறார்கள். இரண்டும் சந்திக்கிற கோடு முகட்டிலிருந்து இறவாரம் வரை ஐந்து மீட்டர் இருக்கும், அவ்வளவுதான். படுக்கையறைச் சீலிங்கில் மஞ்சள் கறை படர்வது அந்தக் கோட்டிலிருந்துதான்.

ஓட்டுக்காரரைக் கேட்டால் சாந்து என்பார், வாட்டர்புரூஃபிங் ஆள் பட்டை ஒட்டலாம் என்பார், தகடு மடிக்கிற பட்டறைக்காரர் வாய்க்கால் என்பார். எத்தனை பெயர் சொன்னாலும் வழி மூன்றுதான்: மேலே பூசி அடைப்பது, தண்ணீரை உள்ளே விட்டு வடிப்பது, சுவரையே கூரைக்கு மேல் ஏற்றி இரண்டையும் பிரிப்பது. டர்பன் மழைக்கு இதில் எது எத்தனை காலம் தாங்கும், எது எதனால் கெடும் என்று பார்ப்போம்.

முதலில், இந்தக் கோட்டில் எவ்வளவு தண்ணீர் வருகிறது? ஓட்டின் பள்ளங்கள் சரிவோடுதான் ஓடுகின்றன. அதனால் பொருத்துக்குள் வருவது ஓரத்து நீர் மட்டுமே. ஐந்து மீட்டர் சரிவில் 300 மி.மீ. அகலத்து மழை முழுவதும் பொருத்துக்குள் வருகிறது என்று வைத்துக்கொண்டாலும், மணிக்கு 100 மி.மீ. வீதம் கொட்டும் மழையில் நிமிடத்துக்கு இரண்டரை லிட்டர்தான். 2022 ஏப்ரலில் ஒரே நாளில் 300 மி.மீ.க்கு மேல் கொட்டியபோதும் இந்தப் பொருத்துகளைத் தோற்கடித்தது நீரின் அளவு அல்ல. காற்று மழையைப் பக்கவாட்டில் தள்ளியது, இலை அடைத்தது, வெடிப்பு நீரை உறிஞ்சியது, இவைதான் காரணம். எனவே பெரிய வாய்க்கால் தேவையில்லை. எப்போதும் திறந்திருக்கிற வாய்க்கால் தேவை.

இரண்டாவது விஷயம் அசைவு. இங்கே பரவலாகப் போடும் டபுள் ரோமன் காங்கிரீட் ஓடு 420 மி.மீ. நீளம், 330 மி.மீ. அகலம். வரிசைக்கு வரிசை சுமார் 320 மி.மீ. இடைவெளி. ஸ்லேட் வரிசை அதைவிட நெருக்கம். இரண்டின் வரிசையும் ஒன்றோடொன்று சேராது, கோக்கவும் முடியாது. காங்கிரீட் ஓட்டின் எடை சதுர மீட்டருக்கு 50 கிலோவை நெருங்கும், பழைய கூரை அதைவிட இலேசு. ஒரு பக்கக் கைமரம் தாழும், மறுபக்கம் தாழாது. இரண்டும் வெயிலில் ஒரே அளவு விரியவும் செய்யாது.

சாந்து

ஒன்றுக்கு மூன்று சிமென்ட் மணல் சாந்தில் ஓட்டு நிறத்துக்குச் சாயம் கலந்து இரண்டு ஓரத்தையும் மூடிவிடுவது. செலவு குறைவு, அரை நாள் வேலை, பார்க்கவும் நன்றாக இருக்கும். காய்ந்து சுருங்கும்போதே சாந்துக்கும் ஓட்டுக்கும் நடுவே முடியளவு கீறல் விழும். பெரிய கீறலில் நீர் வழிந்து போய்விடும். முடிக்கீறல் நீரைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொள்ளும். உள்ளே போன நீர் திரும்பி வர வழியில்லை, கீழே வாய்க்காலும் இல்லை, எனவே ஓட்டைத் தாங்கும் ரீப்பர் கட்டை ஊறி மட்கும். முகட்டு ஓட்டுக்குச் சாந்து சரி. இரண்டு கூரை சந்திக்கும் கோட்டுக்கு அது மருந்தே அல்ல.

ஒட்டும் பட்டை, அக்ரிலிக் துணி, டார்ச்-ஆன்

கடையில் சுருளாகக் கிடைக்கும் அலுமினிய முகம் கொண்ட தார்ப்பட்டை மிக எளிது. ஆனால் ஓட்டின் மேல் உள்ள பாசியும் மணல் துகளும் அதைச் சீக்கிரமே உரித்துவிடும்.

அக்ரிலிக் பூச்சும் பாலியெஸ்டர் துணியும் அதைவிடத் தேவலை. கம்பித் தூரிகையால் பாசியைத் தேய்த்துக் கழுவி, காயவிட்டு, பிரைமர் அடித்து, முதல் பூச்சு ஈரமாக இருக்கும்போதே 200 மி.மீ. அகலத் துணியை அழுத்திப் பதித்து, அதன் மேல் இரண்டு பூச்சு. ஐந்து மீட்டர் சரிவுக்கு 5 லிட்டர் டப்பா ஒன்று தாராளம். பலரும் விடுகிற தவறு, துணியை இடைவெளியின் இரண்டு விளிம்பிலும் இறுக்கி ஒட்டிவிடுவது. இரண்டு மி.மீ. இடைவெளி மூன்றானாலே, இடைவெளிக்கு மேலே நிற்கும் அந்த இரண்டு மி.மீ. துணி மட்டும் பாதி அளவு கூடுதலாக நீள வேண்டும், அதனால் கிழிகிறது. நடுவில் 50 மி.மீ. ஒட்டாமல், அடியில் மெல்லிய நுரைக்கயிறு வைத்துத் துணியைச் சற்றே தளர்வாக வளைத்துவிட்டால் அசைவு முழு வளைவிலும் பரவும்.

அப்படியும் ஒரு குறை தீராது. ஓட்டு வரிசை ஒவ்வொன்றும் கீழ் வரிசையின் மேல் ஏறும் இடத்தில் விரல் கனத்துக்கு ஒரு படி இருக்கும். துணி அந்தப் படியில் ஒட்டாமல் சின்னக் கூடாரம் போல் தூக்கி நிற்கும். ஐந்து மீட்டரில் அப்படிப் பதினாறு இடம். வெயிலில் காய்ந்த பிறகு கூடாரத்தின் அடியில் விரலை நுழைத்துப் பார்த்தால் ஈர மண் ஒட்டும். நீர் அங்கே தேங்குகிறது என்று அர்த்தம். டர்பன் வெயிலில் இந்தப் பட்டை மூன்று நான்கு மழைக்காலம் தாங்கினால் நல்ல வேலை என்று சொல்லலாம். பிறகு ஒரு ஓடு உடைந்தால் முழுப் பட்டையையும் அறுத்துத்தான் மாற்ற முடியும்.

சுடர் காட்டி உருக்கி ஒட்டும் 4 மி.மீ. தார்த்தாளான டார்ச்-ஆன் தட்டையான காங்கிரீட் தளத்துக்கு நல்ல பொருள். ஓட்டுப் பொருத்தில் வேண்டவே வேண்டாம். ஓட்டுக்குக் கீழே பிளாஸ்டிக் அடித்தாள், உலர்ந்த பைன் கட்டை, மைனாக் கூட்டின் வைக்கோல் எல்லாம் இருக்கின்றன. அங்கே நெருப்புச் சுடரைக் காட்டுவது இரண்டு வீட்டையும் பணயம் வைப்பது.

ஓட்டுக்கடியில் தகட்டு வாய்க்கால்

எங்கள் முடிவில் பெரும்பாலான வீடுகளுக்கு இதுதான் சரியானது. பொருத்தை மூடாமல், வந்த நீரைப் பிடித்து இறவாரத்துக் கட்டரில் (மழைநீர்ப் பீலியில்) விடுகிறது. கூரைகள் எவ்வளவு அசைந்தாலும் அதற்குக் கவலையில்லை, ஏனென்றால் ஓட்டோடு அது ஒட்டியிருக்கவில்லை.

450 மி.மீ. அகலத் தகட்டைப் பட்டறையில் இப்படி மடிக்கச் சொல்ல வேண்டும்: நடுவில் 50 மி.மீ. உயர மடிப்பு, அதன் இருபுறமும் 100 மி.மீ. தட்டையான படுகை, பிறகு 38 மி.மீ. நேராக மேலே, கடைசியில் 35 மி.மீ. வெளிப்பக்கம் மடிந்து நுனி திரும்பியிருக்க வேண்டும். அந்தத் திரும்பிய நுனி முக்கியம். காற்று தள்ளுகிற நீர் அதைத் தாண்டி ரீப்பர் மேல் ஏறாது.

ஐந்து மீட்டர் சரிவுக்கு 2.4 மீட்டர்த் துண்டுகள் மூன்று வேண்டும், முன்பின் இரண்டு சரிவுக்கும் ஆறு. 38க்கு 38 மி.மீ. பைன் கட்டை மொத்தம் 20 மீட்டர். 450 மி.மீ.க்கு ஒன்றாகக் கிளிப் சுமார் 50. கழற்றும்போது உடைகிற ஓட்டுக்கு ஈடாகப் பத்தில் ஒரு பங்கு கூடுதல் ஓடு.

கோட்டின் இருபுறமும் இரண்டிரண்டு ஓட்டை முகடுவரை கழற்றுங்கள். பொதுச் சுவரின் தலைக்கும் கூரைக்கும் நடுவே இடைவெளி இருந்தால் எரியாத பாறைக் கம்பளி வைத்து நிரப்புங்கள், ஸ்ப்ரே நுரை வேண்டாம். ஒரு வீட்டில் தீப்பிடித்தால் அந்த இடைவெளி வழியாகத்தான் அடுத்த வீட்டுக்குப் போகும், நுரையோ எரியும் பொருள். சுவரின் நடுக்கோட்டிலிருந்து 100 மி.மீ. தள்ளி இருபுறமும் சரிவோடு ஒரு கட்டை அடித்து, ரீப்பர்களை அந்தக் கட்டையோடு நிறுத்துங்கள். நடுவில் பலகை பரப்பி, அதன் மேல் 600 மி.மீ. அகல அடித்தாளை முழு நீளத்துக்கும் விரியுங்கள். 26 பாகைக்குக் குறைந்த சரிவென்றால் காங்கிரீட் ஓட்டுக்கு எப்படியும் அடித்தாள் கட்டாயம்.

தகட்டைக் கீழிருந்து மேலாகப் போட வேண்டும். மேல் துண்டு கீழ்த் துண்டின் மேல் குறைந்தது 150 மி.மீ. ஏறட்டும், சரிவு குறைவென்றால் 225. தகட்டின் ஊடே ஒரு ஆணிகூட அடிக்கக் கூடாது. 2.4 மீட்டர் அலுமினியம் குளிர்ந்த காலைக்கும் சுடுகிற பகலுக்கும் நடுவே 50 பாகை மாறினால் 3 மி.மீ. நீளும். ஆணி அடித்தால் அந்தத் துளையே முதல் ஒழுக்கு. கிளிப் வைத்துப் பிடிப்பது அதற்காகத்தான். அடிமுனை கட்டருக்குள் 50 மி.மீ. நீட்டி நிற்க வேண்டும். முகட்டில் இரண்டு பக்க வாய்க்காலும் சேரும் இடத்தில், முகட்டு ஓட்டுக்கு அடியில் சேணம் போல் ஒரு துண்டு இருபுறமும் 300 மி.மீ. இறங்க வேண்டும். வாய்க்கால் சரியாக இருந்தும் ஒழுகும் வீடுகளில் பலவும் இந்தச் சேணம் விட்டுப்போனவைதான்.

ஓட்டின் விளிம்பு நடு மடிப்புக்கு 20 மி.மீ. இப்பால் நிற்கும்படி வெட்டுங்கள். இருபுறமும் சேர்த்து 40 மி.மீ. திறப்பு. அதைச் சாந்து வைத்து மூடிவிடாதீர்கள், மூடினால் அதுவும் பழைய சாந்து வேலையாகவே ஆகிவிடும். வெட்டிய துண்டு பாதி அகலத்துக்கும் குறைந்தால் ரீப்பரில் தொங்காது. துளையிட்டுத் துருப்பிடிக்காத கம்பியால் கட்டுங்கள். ஸ்லேட் பக்கத்தில் ஒன்று விட்டு ஒரு வரிசை ஒன்றரை அகல ஸ்லேட் வைத்தால் சின்னத் துண்டே வராது. வெட்டும் தூளை அன்றே கழுவிவிடுங்கள். ஈர சிமென்ட் அலுமினியத்தை அரிக்கும்.

எந்தத் தகடு? சாட்ஸ்வர்த் போல உள்ளே தள்ளிய இடத்துக்கு 0.6 மி.மீ. கால்வனைஸ் தகடு, வண்ணப் பூச்சோடு, போதும். இசிப்பிங்கோ கடற்கரை, மெரபேங்க் பக்கம் உப்புக் காற்று துத்தநாகத்தைத் தின்றுவிடும். அங்கே 0.8 மி.மீ. அலுமினியம் அல்லது 316 வகைத் துருப்பிடிக்காத எஃகு. கண்ணாடியிழை வாய்க்கால் கிடைத்தால் கடலோரத்துக்கு அது இன்னும் நல்லது, ஆனால் மடித்துச் சரிசெய்ய முடியாது, அளவு ஒத்துவர வேண்டும். ஈயத் தகடு எளிதில் வளையும், ஸ்லேட் படிக்கு அழகாகப் படியும், 1.5 மீட்டருக்கு மேல் நீளத் துண்டு போடாமல் இருந்தால் நீண்ட ஆயுள். என்றாலும் இங்கே இரண்டு காரணத்தால் தவிர்ப்பது நல்லது. ஒன்று, திருட்டு. மற்றொன்று, கூரை நீர் ஜோஜோ டேங்கில் (பிளாஸ்டிக் மழைநீர்த் தொட்டியில்) சேர்ந்து சமையலுக்கும் போகிறது, ஈயம் அதில் கலக்கக் கூடாது. அலுமினியமும் ஈயமும் ஒன்றையொன்று தொடவும் விடாதீர்கள், உப்பு ஈரத்தில் அலுமினியம் அரித்துப்போகும்.

சுவரை ஏற்றுவது

இரண்டு கூரைக்கும் 100 மி.மீ.க்கு மேல் உயர வித்தியாசம் இருந்தாலோ, இரண்டு வீட்டாரும் ஒரே சமயத்தில் கூரை மாற்றினாலோ இதுதான் உத்தமம். தீக்கும் தடுப்பு, சண்டைக்கும் இடமில்லை, அவரவர் கூரை அவரவர்க்கு. ஆனால் 230 மி.மீ. செங்கல் சுவரை 300 மி.மீ. ஏற்றினால் மீட்டருக்குச் சுமார் 130 கிலோ கூடும். கீழே இருப்பது மெல்லிய சுவரென்றால் ஏற்றக் கூடாது. நகராட்சியில் பிளான் ஒப்புதல் வாங்க வேண்டும். சுவரின் தலையை மூடும் கோப்பிங்குக்கு அடியில் ஈரத்தைத் தடுக்கும் டிபிசி தாள் வைக்காவிட்டால் சுவரே பஞ்சு போல் உறிஞ்சி உள்ளே விடும். கூரையும் சுவரும் சேரும் இடத்தை மூடி இருபுறமும் 150 மி.மீ. ஏறும் ஃபிளாஷிங் தகட்டின் மேல் நுனியைச் சுவரில் 25 மி.மீ. காடி வெட்டிச் சொருக வேண்டும். மேலே சிலிக்கோன் பூசி நிறுத்துவது போதாது.

எந்த வழியானாலும்

பழைய சிமென்ட் ஸ்லேட், அலைத்தகடு எல்லாவற்றிலும் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். தென்னாப்பிரிக்கா 2008இல்தான் அதன் பயன்பாட்டைத் தடை செய்தது. சந்தேகம் இருந்தால் வெட்டவோ, தேய்க்கவோ, பிரஷர் வாஷர் அடிக்கவோ வேண்டாம். பதிவுபெற்ற ஆஸ்பெஸ்டாஸ் ஒப்பந்தக்காரர்தான் தொட வேண்டும். வீட்டில் குழந்தைகள் இருந்தால் இதில் ஒரு பைசாகூட மிச்சம் பிடிக்காதீர்கள்.

வேலைக்கு நல்ல காலம் மழை ஓய்ந்த ஆனி, ஆடி. மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றும் நாட்களில் ஓடு உலர்ந்து கிடக்கும். புரட்டாசி விரதம் முடியும்போது மழை தொடங்கிவிடும். அதற்குள் முடியாதென்றால் அந்த ஒரு பருவத்துக்கு மட்டும் அக்ரிலிக் துணி போட்டுச் சமாளிக்கலாம்.

வாய்க்காலுக்குப் பக்கத்து வீட்டு ஓட்டையும் கழற்ற வேண்டும். என்ன செய்யப்போகிறோம், செலவில் யார் பங்கு எவ்வளவு, உடைந்த ஓட்டுக்கு யார் பொறுப்பு என்று ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். அவர் ஒத்துவராவிட்டால் வாய்க்காலை உங்கள் பக்கத்தில் மட்டும் பாதியாக மடித்து, நடுக்கோட்டு மடிப்பை அவர் ஓட்டு விளிம்போடு நிமிர்த்தி வைக்கலாம். உங்கள் வீடு காயும், அவர் பக்கத்து ஒழுக்கு அவருக்கே இருக்கும்.

முடித்ததும் குழாய் நீரால் சோதியுங்கள். இறவாரத்தில் தொடங்கி ஒரு மீட்டருக்குப் பத்து நிமிடமாக மேலே ஏறுங்கள், ஒருவர் டார்ச்சோடு சீலிங்குக்கு மேலே இருக்கட்டும். முகட்டிலிருந்து தொடங்கினால் எங்கே ஒழுகுகிறது என்று பிரித்தறிய முடியாது. பிறகு வருடத்துக்கு இரண்டு முறை, மாவிலை, லிச்சி இலை, மைனாக் கூடு அந்த 40 மி.மீ. திறப்பில் அடைத்திருக்கிறதா என்று பார்த்து, மெல்லிய மரச்சட்டத்தால் கீழ்நோக்கி இழுத்துவிடுங்கள். இரும்புக் கம்பி வேண்டாம், தகட்டைக் கீறும்.