ஆறு இன்ச் டெலஸ்கோப் கண்ணாடி தேய்க்கும் கிட்: ரிட்டயர்டு ஃபிட்டர் போடும் மார்க்

ஐந்துக்கு மூன்றரை. கம்பெனி பெயரைப் போடவில்லை. சின்ன ஆட்கள், போனில் சத்தம் போட்டதும் தப்பை ஒத்துக்கொண்டார்கள், அதுவே பெரிது.

பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டராக இருந்தவன் நான். இன்ச்சை ஆயிரமாகப் பிரித்தால் அதில் ஒன்றுக்கு அங்கே ‘தௌ’ என்று பேர். ரெண்டு தௌவுக்குள் ராவிக் கொடுப்பேன் என்று சர்வீஸ் முழுக்கப் பெருமை பேசியாச்சு. டெலஸ்கோப் கண்ணாடியில் அந்தப் பெருமை செல்லாது. மேல்பரப்பில் மேடுபள்ளம் 0.07 மைக்ரானுக்குள் இருக்க வேண்டும். ஒரு தௌவை 350 கூறு போட்டால் ஒரு கூறு. இதைப் படித்த அன்றே கிட்டுக்குப் பணம் அனுப்பினேன்.

2025 பொங்கல் கழித்துப் பெட்டி வந்தது. 150 மில்லிமீட்டர் வட்டக் கண்ணாடி இரண்டு, 80-ம் நம்பரிலிருந்து 600 வரை கார்போரண்டம் பொடி (நம்பர் ஏற ஏறப் பொடி நைசு), பாலிஷுக்குச் செரியம் ஆக்ஸைடு, ஒரு கட்டி பிட்ச் (கீல் மாதிரி, சூட்டில் இளகும் பிசின்), நாலு பக்கத்துக்கு ஜெராக்ஸ் குறிப்பு. கண்ணாடியில் குறை சொல்ல ஒன்றுமில்லை, விளிம்பைக்கூடச் சரிவாகத் தட்டியே அனுப்பியிருந்தார்கள். குவியதூரம் 1200 மில்லிமீட்டர் என்று வைத்ததும் புத்திசாலித்தனம். அந்த நீளத்துக்குக் கோளக் குழிவே ஏறத்தாழப் போதும், பரவளையம் ஆக்குகிறேன் என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம்.

மொட்டை மாடியில் மணல் நிரப்பிய டிரம், அதன் மேல் பலகை, பலகையில் ஒரு கண்ணாடி. பொடியும் தண்ணீரும் விட்டு, இன்னொன்றை மேலே வைத்து முன்னும் பின்னும் தள்ள வேண்டும். ஏழெட்டுத் தள்ளுக்கு ஒருமுறை கண்ணாடியைக் கொஞ்சம் திருப்பி, நாமும் டிரம்மைச் சுற்றி ஓரடி நகர வேண்டும். மேல் கண்ணாடி தானாகக் குழியும். பக்கத்து வீட்டுக்காரர் மூன்று நாள் பார்த்துவிட்டு, “என்ன சார், நவக்கிரகத்த சுத்துறீங்களா?” என்றார். ஒரு வகையில் அதேதான்.

நடுவில் 1.17 மில்லிமீட்டர் குழிய வேண்டும், அதாவது 46 தௌ. ஸ்டீல் ஸ்கேலைக் குறுக்கே வைத்து இடைவெளி அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜ் விட்டுப் பார்த்தேன். அந்த ஒரு வேலையில் மட்டும் பழைய ஃபிட்டராக நிமிர்ந்து நின்றேன்.

முதல் அரை மார்க் போன இடம் பொட்டலங்கள். மெல்லிய பிளாஸ்டிக் பை, ஸ்டேபிள் பின். வழியில் 80-ம் நம்பர் கிழிந்து 600-ல் கலந்திருக்கிறது. கடைசிச் சுற்றில் ‘கிரீச்’ என்று ஒரு சத்தம். கழுவிப் பார்த்தால் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை கீறல். 220-க்குத் திரும்பிப் போய் மறுபடி தேய்த்தேன். ஒன்பது நாள் போச்சு. புதுப் பொடி இலவசமாக அனுப்பினார்கள், ஒன்பது நாளை யார் அனுப்புவது?

மீதி ஒரு மார்க் பிட்ச்சுக்கு. உருக்கி ஊற்றி, சதுரம் சதுரமாகக் கோடு கிழித்து, அதன் மேல்தான் பாலிஷ். குறிப்பில் ‘அறை வெப்பம் 20 டிகிரி’ என்று இருந்தது. திருச்சியில் மே மாதம்! 40 டிகிரியில் கோடெல்லாம் மூடிக்கொண்டு பிட்ச் அல்வா மாதிரி வழிந்தது. நகத்தால் அழுத்தினால் பள்ளம் மெதுவாக விழ வேண்டும். இங்கே விரலே உள்ளே போனது. தெற்கத்தி ஆளுக்கு அனுப்பும்போது கெட்டியான பிட்ச் அனுப்பத் தெரிய வேண்டாமா? கடைசியில் மகன் ரூம் ஏசிதான் கைகொடுத்தது. செரியம் ஆக்ஸைடு செங்காவி நிறம். மருமகள் பழைய பெட்ஷீட்டை விரித்துவிட்டு, “மாமா, இது சுவத்துல பட்டா போகுமா?” என்று மட்டும் கேட்டாள். போகவில்லை.

பெட்டியில் இல்லாத ஒன்றுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. பிரெஞ்சு விஞ்ஞானி ஃபூக்கோ 1858-ல் சொன்ன சோதனை: ஒரு எல்இடி, ஒரு சவர பிளேடு, 2.4 மீட்டர் தள்ளி கண்ணாடி. திரும்பி வரும் ஒளியை பிளேடால் மெல்ல வெட்டினால் மேடுபள்ளம் நிழலாகத் தெரியும். கட்டைவிரலைக் கண்ணாடி மேல் ஒரு நிமிஷம் வைத்து எடுத்துப் பார்த்தேன். விரல் பட்ட இடம் கொப்புளம் போல உப்பி நின்றது, என் உடம்புச் சூட்டில் கண்ணாடி வீங்கியிருக்கிறது! அது அடங்கும் வரை வீட்டில் எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டினேன்.

அலுமினியப் பூச்சு கிட்டில் சேராது, வெளியூருக்கு அனுப்ப வேண்டும், தனிச் செலவு. குழாய்க்கு போர்வெல் கேசிங் பைப். தாங்கி, ஜான் டாப்சன் முறை: பிளைவுட் பெட்டி, மைக்கா, டெஃப்லான் துண்டுகள். டாப்சன் சான் பிரான்சிஸ்கோ வேதாந்த மடத்தில் துறவியாக இருந்துகொண்டே ரகசியமாகக் கண்ணாடி தேய்த்தவர். நானாவது மருமகளிடம் கேட்டுச் செய்தேன்.

வானம் பார்ப்பது மட்டும்தான் ஆசை என்றால் கடையில் ரெடிமேடு வாங்குங்கள். சாயங்காலம் ஆறு மணிக்குப் பெட்டி பிரித்து ஏழு மணிக்குப் பார்க்கலாம். இது கை சும்மா இருக்க மாட்டாதவர்களுக்கு.

நவம்பரில் மழை விட்ட ஒரு ராத்திரி சனியைப் பிடித்தேன், 10 மில்லிமீட்டர் ஐபீஸ் (கண் வைத்துப் பார்க்கும் லென்ஸ்), 120 மடங்கு. பேரன் ஏறிப் பார்த்துவிட்டு, “தாத்தா, வளையம் எங்க? ஊசி குத்துன மாதிரி இருக்கு” என்றான். 2025-ல் வளையம் நமக்கு விளிம்பைக் காட்டிய வருஷம், கண்ணாடி மேல் தப்பில்லை என்றேன். அவன் நம்பவில்லை. ஜனவரியில் புனர்பூசத்துக்குப் பக்கத்தில் வியாழனும் நாலு நிலாவும் வரிசையாக நின்றபோதுதான் மன்னித்தான்.

எட்டு இன்ச் கிட்டுக்கு அதே ஆட்களிடம் சொல்லியிருக்கிறேன். பொடி தனித்தனி டப்பாவில், பிட்ச் கெட்டியாக. சித்திரை பிறக்கும் முன் பாலிஷை முடித்தாக வேண்டும், ஏசி ரூம் இனிமேல் கிடையாதாம்.