கதிர்வெப்பமா, காற்றுவெப்பமா? அச்சிட்ட ஆடைகளுக்கான கன்வேயர் டிரையர்கள்: ஓர் ஒப்பீடு

அச்சிட்ட ஆடை ஒன்று முதல் சலவையிலேயே மை விரிசல் விட்டுத் திரும்பி வரும்போது, பழி மையின் மீதோ அச்சிடும் சட்டத்தின் வலைத்துணி மீதோ விழுவது வழக்கம். நான் பார்த்த வரையில் குறை பெரும்பாலும் டிரையருக்குள்தான், அதாவது அச்சிட்ட ஆடையை ஓடும் பெல்ட்டில் வைத்துச் சூடான கூண்டு வழியாக அனுப்பி மையை இறுகச் செய்யும் இயந்திரத்துக்குள்தான், இருந்திருக்கிறது. டிரையர் வாங்க நினைப்பவர்கள் முதலில் கேட்பது மின்சாரமா எரிவாயுவா என்பதையே. அதற்கு முன்பாகக் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: வெப்பம் எந்த வழியில் மையைச் சென்றடைகிறது? மேலே தொங்கும் பேனல்கள் வீசும் அகச்சிவப்புக் கதிராகவா, ஆடையைச் சுற்றி ஓடும் சூடான காற்றாகவா? சிறிய மின் டிரையர்கள் பெரும்பாலும் முதல் வகை. எரிவாயு டிரையர்கள் பெரும்பாலும் இரண்டாம் வகை. இதனால்தான் எரிபொருள் வேறுபாடும் வெப்பம் பரவும் முறையின் வேறுபாடும் ஒன்றோடொன்று குழம்பிவிடுகின்றன.

மைக்கு என்ன தேவை என்பதிலிருந்து தொடங்கினால் குழப்பம் தெளியும். பிளாஸ்டிசால் மை என்பது நெகிழ்வு தரும் பிளாஸ்டிசைசர் திரவத்தில் மிதக்கும் பிவிசி பிளாஸ்டிக் துகள்களால் ஆனது. அதில் ஆவியாக வேண்டிய நீரோ கரைப்பானோ ஏறக்குறைய இல்லை. மை அடுக்கு முழுவதும், துணியைத் தொடும் அடிப்பகுதி உட்பட, ஏறத்தாழ 160 டிகிரி செல்சியஸை எட்டினால் துகள்கள் திரவத்தை உறிஞ்சி உருகி ஒன்றாகிவிடும்; மை வெந்தது என்று சொல்வது இந்த நிலையைத்தான். அதற்குக் குறைவான வெப்பத்திலேயே மேற்பரப்பு தொட்டால் ஒட்டாத நிலைக்கு வந்துவிடும் என்பதுதான் இதிலுள்ள ஆபத்து, ஏனெனில் அப்போது மை கண்ணுக்கு வெந்ததாகத் தெரியும், உள்ளே வெந்திருக்காது. நீரை அடிப்படையாகக் கொண்ட வாட்டர்பேஸ் மைக்கோ இரண்டு கட்டங்கள் உண்டு. முதலில் அதிலுள்ள நீர் முழுவதும் வெளியேற வேண்டும். நீர் இருக்கும்வரை மையின் வெப்பநிலை 100 டிகிரியைத் தாண்டாது. அதன் பிறகே நிறத்தைத் துணியோடு பிணைக்கும் பைண்டர் இறுகுவதற்குத் தேவையான வெப்பநிலைக்கு அது ஏறத் தொடங்கும்.

பிளாஸ்டிசாலுக்குக் கதிர்வெப்பம் மிக நன்றாகப் பொருந்துகிறது. பேனலின் பரப்பு பல நூறு டிகிரியில் எரிந்துகொண்டிருப்பதால் மை விரைவாகச் சூடேறுகிறது, கூண்டு குட்டையாக இருந்தாலும் வேலை நடக்கிறது, காலையில் இயந்திரம் தயாராவதற்கும் அதிக நேரம் பிடிப்பதில்லை. ஆனால் கதிர் எதன் மீது படுகிறதோ அதன் நிறத்தையும் தன்மையையும் பொறுத்தே உறிஞ்சப்படுகிறது. ஒரே ஆடையில் கருப்பு மையும் வெள்ளை மையும் அருகருகே இருந்தால், கருப்பு வெந்து முடியும்போது வெள்ளை பின்தங்கியிருக்கும். தடித்த வெள்ளை அடித்தளத்தின் மீது மற்ற நிறங்களை அடிக்கும் வேலைகளில் இந்த வேறுபாட்டை அலட்சியப்படுத்த முடியாது. பேனலுக்கும் பெல்ட்டுக்கும் உள்ள உயரமும் அவ்வாறே முக்கியமானது: டி-ஷர்ட்டுக்குச் சரியாக வைத்த உயரத்தில் தடித்த ஹூடியை அனுப்பினால், அதன் பரப்பு பேனலை நெருங்கித் தீய்ந்துவிடும்.

காற்றுவெப்பம் மெதுவானது, ஆனால் நியாயமானது. கூண்டுக்குள் 170 டிகிரிக் காற்று சுழன்றால், கருப்பானாலும் வெள்ளையானாலும் ஆடையின் எந்தப் பகுதியும் 170 டிகிரியைத் தாண்டிச் செல்ல வழியில்லை. கதிர்வெப்பத்தில் அத்தகைய உச்சவரம்பு இயல்பாக அமைவதில்லை. ஆடை பேனலின் கீழே இருக்கும்வரை சூடு ஏறிக்கொண்டே போகும், நேரம் மட்டுமே அதை நிறுத்துகிறது. புதிய பணியாளர்கள் மாறிமாறி இயக்கும் கூடங்களுக்குக் காற்றுவெப்பத்தையே நான் பரிந்துரைப்பதற்கு இந்த ஒரு காரணம் போதும். இதற்குக் கொடுக்க வேண்டிய விலை இடம். மணிக்கு 300 ஆடைகள், ஒவ்வொன்றும் சூட்டில் இரண்டு நிமிடம் என்று கணக்கிட்டால், எந்த நேரத்திலும் கூண்டுக்குள் 10 ஆடைகள் இருக்க வேண்டும். ஒவ்வோர் ஆடையும் பெல்ட்டின் நீளத்தில் முக்கால் மீட்டர் எடுத்துக்கொண்டால், ஒற்றை வரிசைக்கு ஏழரை மீட்டர் நீளச் சூடான கூண்டு தேவைப்படும். இருவரிசைப் பெல்ட்டானால் அதில் பாதி. அதே எண்ணிக்கையை ஒரு நிமிடத்தில் வேகும் பிளாஸ்டிசாலில் செய்தால் இந்த நீளங்கள் மேலும் பாதியாகக் குறையும். வாங்குவதற்கு முன் இந்தக் கணக்கைத் தாளில் போட்டுப் பார்க்காதவர்கள் பின்னால் பெல்ட் வேகத்தைக் கூட்டி ஈடுகட்ட முயல்கிறார்கள். வேகாத ஆடைகள் பிறப்பது அங்கேதான்.

வாட்டர்பேஸ் மைக்கு வரும்போது இரண்டு முறைகளுக்கும் இடையிலான தூரம் இன்னும் விரிகிறது. ஓர் ஆடையில் 20 கிராம் நீர் இருப்பதாக வைத்துக்கொண்டால், 300 ஆடைகளுக்கு மணிக்கு 6 கிலோ நீரை ஆவியாக்க வேண்டும். அறைவெப்பத்திலிருந்து ஆவியாகும்வரை ஒரு கிலோ நீருக்கு ஏறத்தாழ 2,570 கிலோஜூல் தேவை என்பதால், மொத்தம் மணிக்கு நாலேகால் யூனிட்டுக்குச் சமமான வெப்பம். பேனல் டிரையர்களின் திறனோடு ஒப்பிட்டால் இது பெரிய தொகையே அல்ல. அப்படியிருந்தும் வெறும் பேனல் டிரையரில் வாட்டர்பேஸ் அச்சு ஈரமாகவே வெளிவருவது ஏன்? எழும் நீராவியை அகற்றக் காற்றோட்டம் இல்லாததால், அது துணியின் மேலேயே போர்வை போலத் தங்கி, அடுத்த துளி ஆவியாவதைத் தாமதப்படுத்துகிறது. வெப்பம் போதாமல் இல்லை. ஆவியைச் சுமந்து செல்ல ஆளில்லை. டிஸ்சார்ஜ் அச்சில் துணியின் சாயத்தை நீக்கும் வேதிவினையும் சேர்ந்துகொள்வதால், வெப்பத்தோடு காற்றோட்டமும் வெளியேற்றமும் கட்டாயமாகின்றன. அதில் எழும் ஆவி பார்மால்டிஹைடு கொண்டது. அதைப் பணியாளர்கள் சுவாசிக்கும்படி கூடத்துக்குள்ளேயே விடுவது எந்தச் சூழலிலும் ஏற்கத்தக்கதல்ல.

பாலியெஸ்டர் ஆடையில் சிக்கல் எதிர்த்திசையில் வருகிறது. துணிக்கு நிறம் தரும் டிஸ்பெர்ஸ் சாயம் சூட்டில் ஆவியாகி மைக்குள் ஏறுவதால், சிவப்புத் துணியில் அடித்த வெள்ளை எழுத்து இளஞ்சிவப்பாக மாறிவிடும், சில வேளைகளில் அடுக்கி வைத்த சில நாட்களுக்குப் பிறகுகூட. ஆகவே 130 முதல் 140 டிகிரிக்குள் வேகும் குறைவெப்ப மையைப் பயன்படுத்தி, துணி அதைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். உச்சவரம்பு கொண்ட காற்றுவெப்பம் இதற்கு இயல்பாகவே ஏற்றது. பேனல் டிரையரிலும் செய்யலாம், ஆனால் கவனம் ஒரு நிமிடமும் சிதறக் கூடாது.

இப்போது எரிபொருளுக்கு வரலாம். ஒரு கிலோ எல்பிஜி எரிந்தால் ஏறத்தாழ 12.8 யூனிட்டுக்குச் சமமான வெப்பமும், ஒரு கனமீட்டர் இயற்கை எரிவாயு எரிந்தால் ஏறத்தாழ 10 யூனிட்டுக்குச் சமமான வெப்பமும் கிடைக்கும். அவரவர் செலுத்தும் கட்டணங்களை இந்த எண்களால் வகுத்தால், ஒரு யூனிட் வெப்பம் எதில் மலிவு என்பது ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். எரிவாயு மலிவாக இருந்தாலும், காற்றைச் சுழலவிடும் புளோயருக்கும் கட்டுப்பாட்டுப் பெட்டிக்கும் மின்சாரம் வேண்டும், புகைபோக்கி வேண்டும், எரிவதற்கும் வெளியேறுவதற்கும் ஈடாகப் புதிய காற்று கூடத்துக்குள் வந்துகொண்டிருக்க வேண்டும். காற்றுவரத்து குறைந்தால் எரிதல் முழுமையடையாமல் கார்பன் மோனாக்சைடு உருவாகும்; அதை முகர்ந்து அறிய முடியாது என்பதால், எரிவாயு டிரையர் உள்ள கூடத்தில் அதற்கான எச்சரிக்கைக் கருவி இருந்தே தீர வேண்டும். மின் டிரையரின் தடை வேறு வகையானது. 20 கிலோவாட் இயந்திரம் ஒன்று 400 வோல்ட் மும்முனை இணைப்பில் ஒவ்வொரு முனையிலும் சுமார் 29 ஆம்பியர் இழுக்கும். கூடத்தின் இணைப்பு அதைத் தாங்குமா என்று மின்பணியாளரிடம் கேட்காமல் முன்பணம் கொடுப்பது தவறு.

அன்றாட இயக்கத்தில் இரண்டு வகைகளுக்கும் பொதுவான, ஆனால் பரவலாக மீறப்படும் விதி ஒன்று உண்டு: வெப்பத்தை அணைத்த பிறகும், கூண்டு குளிரும்வரை பெல்ட் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். 90 டிகிரிக்குக் கீழே இறங்கிய பின் நிறுத்துவது பாதுகாப்பானது. நான் பணிபுரிந்த ஒரு கூடத்தில், மாலையில் எல்லாவற்றையும் ஒரே விசையில் அணைத்துவிட்டுச் செல்லும் வழக்கம் இருந்தது. டெஃப்ளான் பூசிய கண்ணாடியிழைப் பெல்ட், பேனல்களுக்கு நேர் கீழே பட்டையாகக் கருகி, மொறுமொறுத்து, கடைசியில் அந்த இடத்திலேயே கிழிந்தது. புதிய பெல்ட் வந்து சேரும்வரை வேலை நின்றதை நினைத்தால் இன்றும் வருத்தமாக இருக்கிறது, ஏனெனில் அதைத் தவிர்க்கத் தேவைப்பட்டது இருபது நிமிடப் பொறுமை மட்டுமே. மின்தடையின்போதும் இதே கேடு நேரும், பேனல் வகையில் இன்னும் கடுமையாக. அணைந்த பேனல் நெடுநேரம் தகித்துக்கொண்டிருக்கும் என்பதால், பெல்ட்டைக் கையால் சுழற்றும் கைப்பிடி எங்கே இருக்கிறது என்பதை ஒவ்வொரு பணியாளரும் அறிந்திருக்க வேண்டும்.

பராமரிப்பில் முதலிடம் பஞ்சுத்தூசிக்கு. பருத்தி ஆடைகளிலிருந்து உதிரும் இழைகள் வடிகட்டியிலும் புளோயர் இறக்கைகளிலும் புகைபோக்கியின் வளைவுகளிலும் படிகின்றன. காற்று டிரையரில் இதன் விளைவு இரட்டிப்பு: காற்றோட்டம் குறைந்து மை வேகாமல் போகிறது, தூசி பர்னர் வரை சென்றால் பொறி பறந்து தீப்பிடிக்கிறது. வேலை மிகுந்த கூடத்தில் வடிகட்டியை வாரம் ஒருமுறையாவது கழற்றிச் சுத்தம் செய்வதும், புகைபோக்கியைத் திறந்து பார்ப்பதும் கட்டாயம். பேனல் டிரையரில் தூசி சேரும் இடங்கள் குறைவு. ஆயினும் லேசான துணியொன்று எழும்பிப் பேனலைத் தொட்டாலே போதும், தீக்கு அது அழைப்பு.

பெல்ட் ஒரு பக்கமாக ஒதுங்குவது இரண்டிலும் நேர்வது. அதைச் சரிசெய்யும் திருகை ஒரே நேரத்தில் கால் சுற்றுக்கு மேல் திருப்பாமல், பெல்ட் பலமுறை முழுதாகச் சுற்றிவந்த பிறகே அடுத்த திருத்தத்தைச் செய்ய வேண்டும்; குளிர்ந்த பெல்ட்டும் சூடான பெல்ட்டும் ஒரே மாதிரி ஓடுவதில்லை என்பதால், வேலை வெப்பநிலையில் பார்ப்பதே சரி. ஒதுங்குகிறதே என்று பெல்ட்டை இறுக்குபவர்கள் ரோலர் பேரிங்குகளைச் சீக்கிரம் இழக்கிறார்கள்.

இதற்கு மேல் பாதைகள் பிரிகின்றன. மின் டிரையரில் எந்த ஹீட்டர் இறந்தது என்பதைக் கண்ணால் கண்டுபிடிப்பது கடினம். இயந்திரம் புதிதாக இருக்கும்போதே ஒவ்வொரு முனையும் இழுக்கும் ஆம்பியரை, கம்பியைக் கவ்வி அளக்கும் கிளாம்ப் மீட்டரால் அளந்து குறித்து வைத்து, மாதம் ஒருமுறை ஒப்பிட்டால், குறைந்துபோன முனை தன்னைத்தானே காட்டிக்கொடுக்கும். சூடாகிக் குளிர்ந்து, சூடாகிக் குளிர்ந்து கம்பிகளை இணைக்கும் திருகுகள் தளர்வதால், மின்சாரத்தை முற்றிலும் துண்டித்த பிறகு அவற்றை இறுக்குவதும் வேண்டும். எரிவாயு டிரையரில் கவனிக்க வேண்டியவை அதிகம்: சுடரை உணரும் தண்டில் படியும் கரி, தீமூட்டியின் இடைவெளி, புளோயரின் பெல்ட், காற்றழுத்த சுவிட்ச், இணைப்புகளில் கசிவு. கசிவைச் சோப்பு நுரையால் சோதிப்பதை நாமே செய்யலாம். பர்னரைச் சீரமைப்பதை உரிமம் பெற்றவரிடம் மட்டுமே விட வேண்டும். பராமரிப்புக்கு ஆள் கிடைக்காத இடத்தில் எரிவாயுவின் சிக்கனம் நீடிக்காது என்பது என் உறுதியான கருத்து.

எந்த வகையானாலும் காட்சித்திரையில் தெரியும் எண்ணை நம்பக் கூடாது. அது உணரி பொருத்தப்பட்ட இடத்தின் வெப்பநிலை. மையின் வெப்பநிலை வேறு. கதிர்வெப்ப டிரையரில் இந்த இடைவெளி மிகப் பெரிதாக இருக்கும். வெளிவரும் ஆடையின் மீது நீட்டும் அகச்சிவப்புத் துப்பாக்கி மேற்பரப்பை மட்டுமே காண்கிறது, அதுவும் ஆறத் தொடங்கிய பிறகு. ஈர மைக்குள் வைத்து ஆடையோடு சேர்த்தே கூண்டுக்குள் அனுப்பப்படும் தெர்மோகப்பிள் என்னும் வெப்ப உணரி வளையம்தான் உண்மையைச் சொல்கிறது. பெல்ட்டின் நடுவிலும் இரு ஓரங்களிலும் தனித்தனியே அளந்தால், ஓரங்கள் எவ்வளவு பின்தங்குகின்றன என்பதும் தெரியும். ஈரப்பதம் மிகுந்த நாட்களில் மீண்டும் அளக்க வேண்டும்: வழக்கமான சூழலில் பருத்தி தன் உலர்எடையில் சுமார் 8.5 விழுக்காடு நீரை வைத்திருக்கும், பாலியெஸ்டரோ அரை விழுக்காட்டுக்கும் குறைவு. மழைநாளில் பருத்தி ஆடை இன்னும் கூடுதல் நீரோடு உள்ளே போகிறது. மைக்குச் சேர வேண்டிய வெப்பத்தில் ஒரு பங்கை அந்த நீர் எடுத்துக்கொள்கிறது.

பிளாஸ்டிசால் மட்டும் அடித்து, நாளொன்றுக்குச் சில நூறு ஆடைகளோடு நிறைவடையும் கூடத்துக்கு எளிய மின்பேனல் டிரையரே போதும். அதற்கு மேல் செலவிடுவதற்குக் காரணம் இல்லை. வாட்டர்பேஸோ டிஸ்சார்ஜோ வேலையின் கணிசமான பங்காகிவிட்டால், காற்றோட்டம் இல்லாத இயந்திரத்தோடு போராடுவதை விட்டுவிட வேண்டும். எரிவாயு இணைப்போ பராமரிப்பு ஆளோ இல்லாதவர்களுக்கு, பேனல்களோடு புளோயரும் சேர்ந்த மின் டிரையர் நல்ல இடைவழியாக அமைகிறது: பேனல் சூடேற்றுகிறது, காற்று ஆவியை அகற்றி நிறங்களுக்கிடையிலான வேறுபாட்டையும் ஓரளவு சமன்செய்கிறது. அதில் காற்றின் வேகத்தை மட்டும் நிதானமாக அமைக்க வேண்டும். மிகுந்தால் லேசான துணி எழும்பி மடிந்து, ஈர மை தன்மீதே ஒட்டிக்கொள்ளும். வெளியேறும் காற்றின் அளவைக் கட்டுப்படுத்தும் தடுப்பை அளவுக்கு மீறித் திறந்தாலும் சூடான காற்று வீணாக வெளியேறி, பேனல்கள் ஓயாமல் எரியும். சரியான நிலை கிடைத்த அன்றே தடுப்பின் கைப்பிடியருகே வண்ணத்தால் ஒரு கோடு போட்டு வைப்பது, அடுத்த முறை அதை அசைத்தவர் யாராக இருந்தாலும் பழைய இடத்துக்கே திரும்பக் கொண்டுவர உதவும்.